டிசம்பரில் எந்தக் கடல்?
முக்குளிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் அறிவியல்

விடுமுறைக்கு வெளிநாடு போய் ஸ்கூபா முக்குளிக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது. உடனே என்ன செய்வீர்கள்? கைப்பேசியை எடுத்துப் படங்களைத் தேடுவீர்கள். கண்ணாடி போன்ற நீல நீர், அசையாமல் மிதக்கும் ஆமை, சுழன்று திரியும் மீன் கூட்டம். “இங்கேயே போகலாம்!” என்று முடிவாகிவிடும்.

படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது? எத்தனை மீட்டர் ஆழத்தில்? அன்று நீரோட்டம் எவ்வளவு வேகமாக இருந்தது? எடுத்தவர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்? இவற்றில் ஒன்றையும் படம் சொல்வதில்லை. அதே இடத்துக்கு நீங்கள் தவறான மாதத்தில் போனால், கலங்கிய நீரையும் பூட்டிய விடுதியையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம். தகுதிக்கு மீறிய இடத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

‘ஸ்கூபா’ என்பது, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவியை நாமே சுமந்து செல்லும் முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1943ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் காங்யோனும் ‘அக்குவாலங்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். அதன் பிறகே முக்குளிப்பு சாதாரண மக்களும் செய்யக்கூடிய ஒன்றாக மாறத் தொடங்கியது. கருவிகள் எளிதாகிவிட்டன, கடலும் நம் உடலும் பின்பற்றும் இயற்பியல் விதிகள் மட்டும் மாறவில்லை. எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: எந்த மாதம்?

வடக்கிலிருந்து வீசும் காற்று வாடை, தெற்கிலிருந்து வீசுவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறது தமிழ். காற்றின் திசை மாறினால் கடலின் குணமும் மாறும் என்பது கடலோர மக்களுக்கு நன்றாகத் தெரியும். முக்குளிக்க விரும்புபவர்களும் முதலில் பார்க்கவேண்டியது காற்றைத்தான்.

நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டு பெரும் பருவக்காற்றுகள் வீசுகின்றன. ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. குளிர்காலத்தில் ஆசியப் பெருநிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் அங்கிருந்து காற்று தென்சீனக் கடல் வழியாக நம்மை நோக்கி வருகிறது. கோடையில் நிலம் சூடேறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து காற்று எதிர்த் திசையில் வீசுகிறது.

இப்போது மலாயாத் தீபகற்பத்தின் வரைபடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். அது இரு கடல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு நீண்ட மதில். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது மதிலின் கிழக்குப் பக்கம் அடிவாங்குகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் அலை உயர்கிறது. கனமழை பெய்து ஆறுகள் சேற்றைக் கடலில் கொட்டுகின்றன. அதனால்தான் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் பல விடுதிகள் அந்த மாதங்களில் மூடப்படுகின்றன. அதே நேரத்தில் மதிலின் மறுபக்கத்தில், தாய்லாந்தின் அந்தமான் கடல் அமைதியாக இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் காட்சி தலைகீழாகிறது. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் தேசியப் பூங்கா மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பொதுவாக மூடப்பட்டிருக்கும். அப்போது பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் களைகட்டும்.

இதே கதை இலங்கையில் ஒரே தீவுக்குள் நடக்கிறது. அங்கே மதிலாக நிற்பவை நடுவிலுள்ள மலைகள். டிசம்பரில் முக்குளிப்பவர்கள் மேற்கு, தெற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்குப் போகிறார்கள். ஜூன், ஜூலையில் கிழக்கே திருகோணமலைக்கும் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத் தீவுக்கும் போகிறார்கள். நாடு ஒன்றுதான், மாதம் மாறினால் போகவேண்டிய கரையும் மாறுகிறது.

பிலிப்பீன்ஸின் துப்பத்தாஹா பவளத்திட்டுக்கு இன்னும் குறுகிய காலம்தான். 1993இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்த இடம், சூலு கடலின் நடுவே, அருகில் எந்தப் பெரிய நிலமும் இல்லாமல் இருக்கிறது. காற்றைத் தடுக்க மதிலே இல்லை. எனவே மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, கடல் அடங்கியிருக்கும் சுமார் மூன்று மாதங்களில் மட்டுமே படகுகள் அங்கே போகின்றன. பயணிகள் படகிலேயே தங்கி முக்குளிக்கிறார்கள்.

கேள்வி 2: நீர் எப்படி ஓடுகிறது?

கடல் மேலே அமைதியாக இருந்தாலும் உள்ளே ஆறு ஓடிக்கொண்டிருக்கலாம். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தோனேசியா.

பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் நீர்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயரமாக இருக்கிறது. காற்று நீரை அந்தப் பக்கம் தள்ளிக் குவிப்பதே அதற்குக் காரணம். உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு நீர் பாய்வது இயற்கை. பாதையில் குறுக்கே நிற்பவை இந்தோனேசியத் தீவுகள். அவற்றின் இடைவெளிகள் வழியாக நொடிக்குச் சுமார் 1.5 கோடி கனமீட்டர் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் போகிறது. உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் சேர்க்கும் நீரைப்போல் இது பத்து மடங்குக்கும் மேல்!

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவேயுள்ள நீரிணை இந்த ஓட்டத்தின் முக்கிய வாசல்களில் ஒன்று. அங்கேயுள்ள நூசா பெனிடா தீவில் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆழத்துக் குளிர்நீர் மேலே எழுகிறது. அதைத் தொடர்ந்து, தட்டையான பெரிய உடல் கொண்ட சூரியமீன்களும் மேலே வருகின்றன. அவற்றைக் காணவே பலர் அந்த மாதங்களில் போகிறார்கள். ஆனால் குளிர்நீரோடு வலுவான நீரோட்டமும் சேர்ந்தே வரும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும் என்பதால் தடித்த உடையும் தேவை.

கொமோடோவும் அப்படித்தான். பெரிய பல்லிகளுக்குப் பெயர்பெற்ற இந்தத் தீவுகளின் வடக்கே புளோரஸ் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய கால்வாய்கள் வழியாகக் கடல் ஒவ்வொரு நாளும் ஏற்ற இறக்கத்துக்கேற்ப முன்னும் பின்னும் பாய்கிறது. நீச்சலில் தேர்ந்தவர்கள்கூட எதிர்த்து நீந்த முடியாத வேகம் அங்கே சாதாரணம். இந்த ஓட்டம் கொண்டுவரும் உணவால்தான் மந்தா திருக்கைகளும் மீன் கூட்டங்களும் அங்கே குவிகின்றன. அழகும் ஆபத்தும் ஒரே நீரில் வருகின்றன.

இங்கே நிலாவும் உங்களுக்குத் துணை செய்யும். அமாவாசை, முழுநிலவு நாள்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்ற இறக்கம் பெரிது, நீரோட்டமும் வேகம். அரைநிலா நாள்களில் இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் சிறிது; ஓட்டமும் மெதுவாகும். விமானச் சீட்டு எடுக்கும் முன் நாள்காட்டியில் நிலாவைப் பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை, இயற்பியல்!

நீரின் தெளிவும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததே. செங்கடலில் நிரந்தர ஆறு எதுவும் கலப்பதில்லை. மழையும் மிகக் குறைவு. சேறு வராததால் நீர் கண்ணாடிபோல் இருக்கிறது. சிங்கப்பூரின் ஹந்து தீவைச் சுற்றி நிலைமை வேறு. நுண்மணலும் வண்டலும் மிதப்பதால் பல நாள்களில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதற்காக அங்கே உயிர் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூர் நீரில் ஏறத்தாழ 250 வகைக் கடின பவளங்கள் பதிவாகியுள்ளன. மங்கலான நீரில் நிதானமாக, அருகில் பார்த்துப் பழகுவது நல்ல பயிற்சியும்கூட.

கேள்வி 3: எவ்வளவு ஆழம்?

கடல் மட்டத்தில் காற்று நம்மை 1 வளிமண்டல அழுத்தத்தால் அமுக்குகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் சேர்கிறது. 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள்: வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் இரட்டிப்பானால் வாயுவின் பருமன் பாதியாகும். ஊசி இல்லாத ஒரு புதிய சிரிஞ்சை எடுத்து, 20 மில்லிலிட்டர் காற்றை உள்ளே இழுத்து, முனையை விரலால் இறுக மூடி அழுத்திப் பாருங்கள். காற்று 10 மில்லிலிட்டராகக் குறையும்போது அது 10 மீட்டர் ஆழத்தில் உள்ள காற்றின் நிலை. கையை விட்டால் தண்டு பின்னோக்கி ஓடும். முக்குளிப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் உள்ளேயிருக்கும் காற்று இரு மடங்காக விரிய முயலும். நுரையீரல் அதைத் தாங்காது. “மூச்சை ஒருபோதும் அடக்காதே” என்பது முக்குளிப்பின் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பருமன் மிக வேகமாக மாறுவது மேலேயுள்ள முதல் 10 மீட்டரில் என்பதால், ஆழம் குறைந்த இடத்திலும் இந்த விதியை மறக்கக்கூடாது.

ஆழம் உங்கள் நேரத்தையும் குறைக்கும். 11 லிட்டர் கலனில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 2,200 லிட்டருக்குச் சமம். ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் அது 110 நிமிடத்துக்கு வரும். 10 மீட்டரில் 55 நிமிடம். 20 மீட்டரில் சுமார் 37 நிமிடம். 30 மீட்டரில் 27 நிமிடம்தான். அவசரத்துக்கென ஒரு பங்கைக் கலனில் விட்டுவைக்க வேண்டும் என்பதால் உண்மையான நேரம் இன்னும் குறைவு.

30 மீட்டரை நெருங்கும்போது, அழுத்தம் ஏறிய நைட்ரஜன் மூளையை மந்தமாக்கத் தொடங்கும். எளிய கணக்குகூடத் தடுமாறும். அதனால் பயிற்சி அமைப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர். அடுத்த நிலையில் 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச வரம்பு 40 மீட்டர். உலகின் பெரிய பயிற்சி அமைப்புகளில் 10 வயதிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். ஆனால் 10, 11 வயதினருக்கு 12 மீட்டர்தான் எல்லை. 15 வயது வரை பெரியவர் ஒருவர் கூடவே இறங்கவேண்டும்.

மூழ்கிய கப்பல்களைப் பார்க்க ஆசையா? இரண்டு கப்பல்களை ஒப்பிடுங்கள். இரண்டுமே 1942இல் ஜப்பானியத் தாக்குதலுக்கு ஆளானவை. ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. தனிப்பயிற்சி பெற்ற வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய இடம் அது. இன்னொன்று ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். ஜனவரி 11ஆம் தேதி நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு பாய்ந்து, பாலியின் துலாம்பென் கரையில் ஒதுங்கியது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வுகள் அதைக் கடலுக்குள் தள்ளின. இன்று அது கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், சுமார் 5 முதல் 30 மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. உடலெங்கும் பவளம் படர்ந்திருக்கிறது. படத்தில் இரண்டும் ‘மூழ்கிய கப்பல்’தான். உங்களுக்கு ஏற்றது எது என்பதை ஆழம்தான் சொல்லும்.

ஆழம் குறைந்த இடம் மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவள உயிரிகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவு தருகின்றன. பாசிக்கு வெயில் வேண்டும்; எனவே வளமான பவளத் தோட்டங்கள் ஒளி நிறைந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. மேலும் நீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது. 20 மீட்டரில் விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும்! சிவப்பு, ஆரஞ்சு வண்ணங்களை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், தொடக்கநிலையினர் போகும் ஆழமே மிகச் சிறந்த இடம்.

கேள்வி 4: திரும்பும் விமானம் எப்போது?

இதை இடம் தேர்ந்தெடுக்கும்போதே கேட்கவேண்டும். கலனில் உள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். 1803இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதிப்படி, அழுத்தம் கூடினால் அதிக வாயு திரவத்தில் கரையும். ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறும். வேகமாக வந்தால்? சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தகைய குமிழிகள் மூட்டுகளிலோ முதுகுத்தண்டிலோ உருவானால் கடும் வலி, மரத்துப்போதல், சில வேளைகளில் பக்கவாதம்கூட ஏற்படலாம். எனவேதான் முக்குளிப்பவர்கள் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, பிறகு வெளியே வருகிறார்கள்.

கரையேறிய பிறகும் மீதமுள்ள நைட்ரஜன் உடலில் இருக்கும். பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் குறைவு. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம். அதனால் ஒரே ஒருமுறை முக்குளித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்கவேண்டும் என்று ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பு வழிகாட்டுகிறது. 24 மணி நேரம் காத்திருப்பவர்களும் உண்டு.

மலைக்கும் இதே விதிதான். சபாவுக்குப் போய்ச் சிப்பாடானில் முக்குளித்து, கினபாலு மலையிலும் ஏறலாம் என்று திட்டமிடுகிறீர்களா? 4,095 மீட்டர் மலையை முதலில் வையுங்கள். கடலைப் பிறகு வையுங்கள். வரிசையை மாற்றினால், நைட்ரஜன் நிறைந்த உடலோடு அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறுவீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: அருகிலுள்ள அழுத்த அறை எங்கே? குமிழி நோய் வந்தவரை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைத்து, ஆக்சிஜன் தந்து சிகிச்சை செய்யும் அறை அது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அத்தகைய சிகிச்சைப் பிரிவு உண்டு. தொலைதூரத் தீவுகளிலிருந்து அத்தகைய இடத்தை அடையவே பல மணி நேரமாகலாம். தொலைவு கூடக்கூட எச்சரிக்கையும் கூடவேண்டும்.

கேள்வி 5: அந்தப் பவளப்பாறை எப்படி இருக்கிறது?

மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், பாப்புவா நியூ கினி, தீமோர் லெஸ்தே, சாலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளின் கடல்களைச் சேர்த்துப் ‘பவள முக்கோணம்’ என்கிறார்கள். உலகின் பவள இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இங்கே வாழ்கின்றன. செங்கடலுக்கோ கரீபியனுக்கோ போகாமலே, உலகின் மிக வளமான கடல் நம் வாசலில் இருக்கிறது.

ஆனால் அது வெப்பத்தால் தவிக்கிறது. கடல்நீர் கோடைகால உச்ச வெப்பநிலையைவிட 1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. வண்ணம் போய் வெள்ளையாக நிற்கின்றன. வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தொந்தரவில்லாத ஓய்வு. 2010இல் பவளங்கள் வெளிறியபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மலேசியா மூடியது. 2011 தொடக்கத்தில் தாய்லாந்தும் பல இடங்களை மூடியது. 2024 ஏப்ரலில், உலகளவில் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளிறிவருவதை விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள்.

சிப்பாடான் இன்னொரு பாடம் சொல்கிறது. அணைந்த எரிமலையின் உச்சியில் பவளங்கள் வளர்ந்து உருவான இந்தச் சிறு தீவு, கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து சில அடி நகர்ந்தாலே செங்குத்தான பவளச் சுவர். ஆமைகளும் சுறாக்களும் பேர்பெற்றவை. கூட்டம் பெருகியதால் 2004 இறுதியில் தீவிலிருந்த விடுதிகள் அனைத்தும் அகற்றப்பட்டன. இன்று அருகிலுள்ள மாபுல் தீவிலோ செம்பூர்ணாவிலோ தங்கித்தான் போகமுடியும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. மாலத்தீவின் ஹனிபாரு விரிகுடாவில், மே முதல் நவம்பர் வரை மந்தா திருக்கைகள் திரளும் இடத்தில், கலன் மாட்டி முக்குளிக்கவே அனுமதி இல்லை. மேலே மிதந்து மட்டும் பார்க்கலாம். விதிகள் கடுமையாக உள்ள இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் பங்கும் உண்டு. துடுப்புக் காலணியின் ஓர் உதை, பல ஆண்டுகள் வளர்ந்த பவளக் கிளையை முறித்துவிடும். ஆகவே மிதப்பைக் கட்டுப்படுத்த முதலில் குளத்தில் பழகுங்கள். ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளைத் தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் 2021 முதல் பயன்படுத்தக்கூடாது. நீண்ட கைச் சட்டை அணிந்தால் களிம்பே அதிகம் தேவைப்படாது. விருப்பமிருந்தால் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ‘கோரல்வாட்ச்’ வண்ண அட்டையோடு இறங்குங்கள். பவளத்தின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்து அனுப்பினால், உங்கள் விடுமுறை ஓர் ஆய்வுக்கும் உதவும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இப்போது உங்களுக்கு ஒரு சிக்கல். ஒரு குடும்பம் டிசம்பரில் ஆறு நாள் பயணம் போகிறது. பெற்றோர், 16 வயது அக்காள், 13 வயது தம்பி; நால்வரிடமும் அடிப்படைச் சான்றிதழ் இருக்கிறது. திரும்பும் விமானம் ஞாயிறு மாலை 4 மணிக்கு. அவர்கள் முன் மூன்று திட்டங்கள்: ரெடாங் தீவு, மட்டக்களப்பின் ஹெர்மிஸ் கப்பல், சிமிலன் தீவுகளின் ஆழம் குறைந்த பவளத் தோட்டங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? கடைசி முக்குளிப்பு எப்போதுக்குள் முடியவேண்டும்?

விடையைப் பார்க்கும் முன் ஐந்து கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள்.

ரெடாங் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்: டிசம்பர், வடகிழக்குப் பருவக்காற்று, கிழக்குக் கரை. ஹெர்மிஸும் கிழக்குக் கரைதான். அதைப் பொறுத்தாலும் மூன்றாம் கேள்வியில் நிற்காது: 50 மீட்டருக்கும் மேல் ஆழம், 18 மீட்டர் சான்றிதழ். எஞ்சுவது சிமிலன். அங்கேயும் நீரோட்டம் வலுவான இடங்கள் உள்ளன என்பதால், தொடக்கநிலையினருக்கு ஏற்ற இடங்கள் எவை என்று முன்பே கேட்கவேண்டும். பல நாள் முக்குளிப்பதால் 18 மணி நேர இடைவெளி தேவை. ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சனிக்கிழமை இரவு 10 மணி. அது விளிம்பு, சனிக்கிழமை நண்பகலோடு முடித்துவிட்டால் 28 மணி நேரம் கிடைக்கும், மாலையில் கடற்கரையில் நடக்கவும் நேரம் இருக்கும்.

அதே குடும்பம் ஜூன் மாதம் புறப்பட்டால் விடை என்ன? இந்த முறை நீங்களே சொல்லுங்கள். ஒரு குறிப்பு: மதிலின் எந்தப் பக்கம் அப்போது அமைதியாக இருக்கும்?